பதினேழு டிகிரியில் குல்ஃபி

எங்கள் குளிர்சாதன மெக்கானிக்குகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று போன மாதம் இரண்டு பேர் செம்மண்டலத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். ஃப்ரிட்ஜ், ஏ.சி.யில் அடைக்கிற பழைய கேஸ் போய்ப் புது கேஸ் வந்த கதையை எழுதித் தாருங்கள் என்றார்கள். அதில் என்ன கதை இருக்கிறது? சிலிண்டரின் நிறம் மாறியது, விலை மாறியது, வெயில் நேரத்தில் மொட்டை மாடியில் நின்றுகொண்டு நாங்கள் திட்டுகிற திட்டு மட்டும் மாறவில்லை. பார்க்கலாம் என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அதே வாரம் பண்ருட்டியிலிருந்து நம் சங்கத்துப் பையன் ஒருவன் போன் செய்தான்.

"மாஸ்டர், ஒரு ஊட்ல கண்ணாடித் தொட்டில பல்லி மாதிரி ஒண்ணு வளக்குறாங்க. தண்ணிக்குள்ளயே கெடக்குது. அந்தத் தண்ணிய ஜில்லுனு வெக்கணுமாம். இன்னா டிகிரி செட் பண்றது?"

சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டான். நான் சிரிக்கவில்லை. "அது பல்லி இல்லடா. அதும் பேரு ஆக்ஸலாட்டில். பதினேழு வை. மீதிய எழுதித் தரேன்" என்றேன். கேஸ் கதைக்குப் பதிலாகச் சங்கத்துக்கு இதைத்தான் கொடுக்கப்போகிறேன். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பக்கத்தில் விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

நான் ஐ.டி.ஐ.யில் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குழாய் வளைக்கக் கற்றேன், பற்ற வைக்கக் கற்றேன், மீசை முளைத்தது. வேலை கிடைத்தது கடலூர் முதுநகரில், துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒரு ஐஸ் பிளாண்டில். இன்றைக்கு அந்த இடத்தில் வேறு ஏதோ கிடங்கு நிற்கிறது. விசைப்படகுகள் கடலுக்குப் போகும் முன் அங்கே வந்துதான் ஐஸ் ஏற்றும்.

ஐஸ் பிளாண்டைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. தரையோடு தரையாக ஒரு பெரிய தொட்டி, அது நிறைய உப்புத் தண்ணீர். அந்த உப்புத் தண்ணீருக்குள் இரும்புக் குழாய்கள் ஓடும். குழாய்க்குள் அமோனியா. அமோனியா உப்புத் தண்ணீரின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். உப்புத் தண்ணீர் லேசில் உறையாது. அதில் தகரக் கேன்களில் நல்ல தண்ணீரை ஊற்றி இறக்கிவைத்தால், கேனுக்குள் இருப்பது உறைந்து கட்டியாகும். நல்ல தண்ணீர் அமோனியாவைத் தொடுவதே இல்லை, நடுவில் உப்புத் தண்ணீர் தூது போகிறது. தொட்டிக்கு மேல் மரப்பலகை மூடி போட்டிருக்கும். நாங்கள் நாளெல்லாம் அதன் மேல்தான் நடப்போம். உள்ளங்கால் சில்லிட்டு, உச்சந்தலை வேர்த்துக்கொண்டிருக்கும்.

அங்கே ஃபோர்மேன் மைதீன் பாய். பரங்கிப்பேட்டைக்காரர். எண்ணெயும் கிரீசுமான அந்த இடத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார், சாயங்காலம் அதே வெள்ளையோடு திரும்பிப் போவார். எப்படி என்று கடைசிவரை எங்களுக்குப் புரியவில்லை. உள்ளே வந்ததும் யாருக்கும் வணக்கம் சொல்லமாட்டார். முதலில் கம்ப்ரஸருக்குப் போகிற குழாயில் புறங்கையை வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு சற்று நிற்பார். பிறகு அடுத்த குழாய். எல்லாக் குழாய்களையும் விசாரித்து முடித்த பிறகுதான் மனிதர்களைப் பார்ப்பார். "இன்னா பழனி, சாப்டியா?" என்பார் என்னிடம். அப்புறம் கந்தகத் திரியைக் கொளுத்திக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகக் காட்டிக்கொண்டே போவார். அமோனியா கசிகிற இடத்தில் திரியின் புகை வெள்ளை வெளேரென்று திரளும். மூக்கை நம்பாதே, திரியை நம்பு என்பார். எங்கள் மூக்கெல்லாம் அங்கே சேர்ந்த முதல் வாரத்திலேயே மரத்துப்போயிருந்தன.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது தப்பு செய்துவிட்டால், நீ தப்பு செய்தாய் என்று சொல்லமாட்டார். "பிளாண்டுக்குப் புடிக்கல" என்பார். அவ்வளவுதான். ஏதோ பிளாண்ட் ஒரு வீட்டு மாப்பிள்ளை மாதிரியும், நாங்கள் எல்லாரும் அதன் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் மாதிரியும் பேசுவார்.

ஒருநாள் ஃபிட்டர் செல்வராசு அவசரத்துக்கு இரும்பு வால்வு கிடைக்கவில்லை என்று, கையிலிருந்த பித்தளை வால்வு ஒன்றை அமோனியா லைனில் மாட்டிவிட்டார். பளபளவென்று இருந்தது. எங்களுக்கெல்லாம் அது அழகாகத் தெரிந்தது. மறுநாள் காலை பாய் வந்தார், குழாய்களைத் தொட்டுக்கொண்டே வந்தவர் அந்த வால்வுக்கு முன்னால் நின்றுவிட்டார். செல்வராசுவின் முகம் வெளுத்தது. அமோனியா பிய்த்துக்கொண்டால் அந்தக் கொட்டகையில் யாரும் உயிரோடு வெளியே வரமுடியாது. பாய் லைனை மூடினார், உள்ளே இருந்த கேஸையெல்லாம் ரிசீவர் தொட்டிக்கு இழுத்தார், எங்களை டீ குடிக்க வெளியே அனுப்பினார், ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு தானே அதைக் கழற்றினார். கழற்றியதைத் துடைத்துச் செல்வராசுவின் கையில் கொடுத்தார்.

"நல்ல சாமான்தான். வேற எடத்துக்கு ஆவும், வெச்சிக்க. இந்த பிளாண்டுக்குப் பித்தளை புடிக்காது. செம்பு கலந்த எதுவுமே புடிக்காது. அமோனியா தின்னுடும்."

எனக்கு மனம் ஆறவில்லை. சாயங்காலம் சைக்கிள் எடுக்கும்போது கேட்டேன். "பாய், கொல பண்ணப் பாத்திருக்கான். ஒரு வார்த்த திட்டக்கூடாதா?"

"திட்டுனா அடுத்த தடவ தப்பு பண்ணமாட்டான்னு நெனைக்கிறியா? அடுத்த தடவ மறைப்பான்" என்று சொல்லிவிட்டு பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அந்தக் குணம் வரவில்லை. பிளாண்ட் மூடிய பிறகு செம்மண்டலத்தில் சொந்தமாகக் கடை போட்டு, வீட்டு ஃப்ரிட்ஜ், ஏ.சி. வேலைக்கு வந்தேன். அங்கே எல்லாமே செம்புக் குழாய்தான். அமோனியா கிடையாது. வேலை சுத்தம், ஆனால் வீடுகளுக்குள் போக வேண்டியிருந்தது. ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, பின்னால் காற்றுப் போக வழியில்லாமல் செய்துவிட்டு, மேலே பூப்போட்ட துணியையும் விரித்து, அதற்கு மேல் டி.வி. பெட்டியையும் ஏற்றிவைத்துவிட்டு, கூலிங் வரவில்லை என்பார்கள். நான் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். "மெக்கானிக் நல்லவர், வாய்தான் ஆகாது" என்று கடலூரில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. முழங்கால் தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போனபோது கடையை விட்டேன். வீட்டுக் கொட்டகையில் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஏதாவது செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கலியமூர்த்தி வந்தான். என் மனைவியின் தம்பி. பண்ருட்டியில் பலாப்பழக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறான், வீடு சிதம்பரத்தில். லாரியிலிருந்து இறங்கும் பலாவைத் தட்டிப் பார்த்தே உள்ளே சுளை எப்படி என்று சொல்லிவிடுவான். ஆள் பெரிய உருவம், குரல் அதைவிடப் பெரிசு. அவன் மகள் நிவேதா சென்னையிலிருந்து ஆக்ஸலாட்டில் ஒன்றை வாங்கி வந்திருந்தாள். அது தவளைக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் கரையேறுவதில்லை, வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருந்துவிடுகிறது. ஒரு சாண் நீளம், பால்கோவா நிறம், கழுத்துக்கு இரண்டு பக்கமும் சிவப்பு இறகு மாதிரி மூன்று மூன்று செவுள்கள். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. நிவேதா அதற்குக் குல்ஃபி என்று பெயர் வைத்திருந்தாள்.

"மாமா, இது குளுந்த ஏரில பொறக்குறதாம். நம்ம மாடி டேங்க் தண்ணி மத்தியானத்துல ரசம் மாதிரி இருக்குது. பாட்டில்ல ஐஸ் கட்டி மெதக்க உட்டுப் பாக்குறோம். செத்த நேரம் ஜில்லுனு இருக்குது, திரும்ப சூடாயிடுது. அந்த ஏத்த எறக்கமே அதுக்கு ஆவாதாம். பொண்ணு காலேஜுக்குக் கோயமுத்தூர் போறா. ஆஸ்டல்ல இத வெச்சிக்க முடியாது. அவ வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்" என்றான் கலியமூர்த்தி.

"நீயா?"

"வாக்கு குடுத்துட்டேன் மாமா."

சொல்லும்போது அவன் குரல் மண்டிக் குரலாக இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கக் கடையில் கிடைக்கிற சில்லர் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கலாம். ஆனால் எனக்குக் கை அரித்தது. யாரோ போட்டுவிட்டுப் போன ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு சின்ன கம்ப்ரஸரைக் கழற்றினேன். தெர்மோகோல் வைத்த ஒரு பெட்டிக்குள் தண்ணீர் நிரப்பி, அதில் செம்புச் சுருளை இறக்கினேன். அதே பெட்டியில் தனியாக ஒரு எவர்சில்வர் குழாய்ச் சுருள். மீன்தொட்டித் தண்ணீர் எவர்சில்வருக்குள் மட்டும் ஓடிக் குளிர்ந்து திரும்பும். செம்பின் பக்கமே போகாது. எதற்கு இந்தச் சுற்று, செம்புச் சுருளை நேராகத் தொட்டியில் போட்டால் இன்னும் சீக்கிரம் குளிருமே என்று என் பழைய கூட்டாளி ஒருவர் கேட்டார். "உயிரோட இருக்குறதுங்க தண்ணில அசிங்கம் பண்ணும், அதுல அமோனியா வரும். அமோனியா இருக்குற எடத்துல செம்பு கூடாது" என்றேன். மைதீன் பாயின் பிளாண்டைத்தான் ஒரு ஸ்டூல் மேல் வைக்கிற அளவுக்குச் சுருக்கியிருந்தேன்.

திரும்பி வருகிற தண்ணீர் வேகமாக வந்தால் குல்ஃபி பயந்து செவுள்களை முன்னால் மடக்கிக்கொள்ளும் என்று நிவேதா சொன்னாள். அதற்காகக் குழாயில் பொடிப்பொடித் துளை போட்டுத் தண்ணீரைக் கண்ணாடி மேல் வழியவிட்டேன். மற்ற சட்டங்களும் அவள் போட்டதுதான். கூழாங்கல் கூடாது, முழுங்கிவிடும். நைசான மணல்தான். வெளிச்சம் மட்டாக இருக்கணும். ஒளிந்துகொள்ள ஒரு உடைந்த மண்பானை. சாப்பாட்டுக்கு மண்புழு, மருந்தடிக்காத இடத்துப் புழு. அதற்குக் கலியமூர்த்தி பண்ருட்டியில் தெரிந்த ஒரு பலாத் தோப்பைப் பிடித்து வைத்திருந்தான். பிடிக்கிற தண்ணீரை ஒருநாள் வைத்திருந்து, குளோரின் போன பிறகுதான் தொட்டியில் ஊற்றணும்.

அந்தக் கத்திரி வெயிலில் சிதம்பரமே கொதித்தது. சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டு கலியமூர்த்தி உட்கார்ந்திருக்க, தொட்டிக்குள் பதினேழு டிகிரியில் குல்ஃபி பானைக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. "இந்த ஊட்லயே சொகமா வாழுற ஒரே ஆள் இதான்" என்பான். நான் வாரம் ஒருமுறை கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வருவேன். அவசியமே இல்லை. சும்மா போவேன்.

கலியமூர்த்தியின் மனைவி அஞ்சலாட்சிதான் ஆரம்பத்தில் கிட்டே வரமாட்டாள். "அய்யே, தோலு உரிச்ச பல்லி" என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போவாள். என்னை அண்ணே என்று கூப்பிடுகிற, எனக்குத் தங்கை மாதிரி ஆகிவிட்ட பெண். அதிகம் பேசமாட்டாள்.

நிவேதா கோயமுத்தூர் போய்க் கொஞ்ச காலத்தில் குல்ஃபிக்கு உடம்பு கெட்டது. புழுவைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிவப்பு இறகுகள் வெளுத்துச் சுருங்கின, நுனியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்தது. வால் நுனி கொக்கி போல் வளைந்தது. நான் டிகிரியைப் பார்த்தேன். பதினேழுதான்.

சிதம்பரத்தில் கால்நடை மருத்துவர் ஒரு அம்மா. கலியமூர்த்தி தொட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினான். "நான் இதுக்கு இதுவரைக்கும் வைத்தியம் பாத்ததில்ல. தெரிஞ்சவங்கள கேட்டுட்டுச் சொல்றேன்" என்று நேர்மையாகச் சொல்லி, மறுநாளே வீட்டுக்கு வந்தார். தண்ணீரைச் சோதித்தார். அமோனியா ஏறவில்லை, எல்லாம் சரியாக இருந்தது. தனியாக ஒரு டப்பில் வைத்து, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரில் ஓய்வு கொடுத்து, தினமும் தண்ணீரை மாற்றிப் பார்க்கலாம் என்றார்.

ஃப்ரிட்ஜ் என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவும் பலாச்சுளையுமாக அடைந்து கிடந்தது, கதவு திறந்த மேனிக்கே இருக்கும். என் கொட்டகையில் ஒரு ஃப்ரிட்ஜ் காலியாக நின்றது. அதன் தெர்மோஸ்டாட்டைத் திருகித் திருகிப் பத்து டிகிரிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். கலியமூர்த்தி கார் ஓட்ட, ஐஸ் பெட்டிக்குள் குல்ஃபியை மடியில் வைத்துக்கொண்டு செம்மண்டலத்துக்கு வந்தேன். வாழ்நாளில் எத்தனையோ ஐஸ் பெட்டி தூக்கியிருக்கிறேன், உள்ளே இருப்பது மூச்சு விடுகிறதா என்று வழியெல்லாம் திறந்து திறந்து பார்த்தது அன்றைக்குத்தான். "நான் பெத்ததுங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப இவரு இப்படி இருந்ததில்ல" என்று என் மனைவி தெருவுக்கே சொன்னாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை, உண்மைதான்.

எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் பிடித்துவைத்து, தினமும் மாற்றினேன். குல்ஃபி தேறியது. வால் நிமிர்ந்தது, புழுவை வாங்கிக்கொண்டது. சந்தோஷமாகத் திருப்பிக் கொண்டுபோய் விட்டோம். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே மாதிரி ஆனது. மறுபடி என் ஃப்ரிட்ஜ், மறுபடி தேறியது. சிதம்பரம் போனதும் மறுபடி வெளுத்தது.

கலியமூர்த்தி போனில் இழுத்து இழுத்துப் பேசினான். "மாமா, தப்பா நெனைக்காதீங்க. உங்க ஊட்ல நல்லா இருக்குது. எங்க ஊட்ல அதுகூட வேற இன்னா இருக்குது சொல்லுங்க? உங்க மெஷின்தான் இருக்குது. பொங்கலுக்குப் பொண்ணு வர்றா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மறுநாளே போனேன். அவன் மண்டிக்குப் போய்விட்டான். கூடத்தில் துணியை விரித்து மெஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தேன். எவர்சில்வர் சுருளுக்குக் காற்று ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. பெட்டித் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போக வழியில்லை. மறுபடி மாட்டினேன். தொட்டிக்குள் குல்ஃபி பானைக்கு வெளியே, வெளிறிப்போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வாழ்நாளெல்லாம் குளிரை வைத்துப் பிழைத்தவன், ஒரு சாண் பிராணியை நம் மெஷின் கொல்கிறதே என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனசு ரொம்ப விட்டுப்போயிருந்தது.

அஞ்சலாட்சி காபி கொண்டுவந்து வைத்தாள். பிறகு ஒரு குடத்தோடு பின்கட்டிலிருந்து வந்து தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். கையைச் சரித்து, உள்ளங்கையில் விழவைத்து, சத்தமே வராமல் ஊற்றினாள். "குடிடா சாமி, குடிடா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்கை மூடிக்கொண்டு போனவளா இவள் என்று பார்த்தேன். அடுத்த குடத்துக்கு அவள் திரும்பியபோது நானும் பின்னாலேயே போனேன்.

பின்கட்டில், கொல்லை வாசலிலிருந்து விழுந்த வெயிலில், ஒரு செம்பு அண்டா தகதகவென்று நின்றது. நிறையத் தண்ணீர்.

"இதுலயா தங்கச்சி புடிச்சி வெக்கிற?"

"ஆமாண்ணே. என் கல்யாணத்துக்கு எங்கப்பா போட்ட அண்டா." அவள் முகத்தில் பெருமை. "நிவேதா பிளாஸ்டிக் பக்கெட்லதான் வெப்பா. பிளாஸ்டிக் ஒடம்புக்கு ஆவாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. செம்புத் தண்ணிதான் நல்லதுன்னு நாங்களே காலைல எழுந்திரிச்சதும் அதான் குடிக்கிறோம். அதான் அவ போனதும் இதுக்கும் மாத்திட்டேன். அதுக்கு முடியாம போனதுலேருந்து தெனம் புளி போட்டுத் தேச்சி, வேளைக்கு வேளை புதுசா ஊத்துறேன்."

தண்ணீரை ஒருநாள் வைத்திருந்து ஊற்றுகிறீர்களா என்று நானும் கேட்டிருந்தேன், டாக்டரம்மாவும் கேட்டிருந்தார். ஆமாம் என்றார்கள். எதில் என்று யாரும் கேட்கவில்லை. புளி போட்டுத் தேய்த்துப் புதுசாக்கிய செம்பில் இரவெல்லாம் கிடந்த தண்ணீர். உடம்பு மோசமாக ஆக, அவள் இன்னும் அக்கறையாகத் தேய்த்து, இன்னும் அதிகமாக ஊற்றியிருக்கிறாள்.

என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. செம்பு படக்கூடாது என்று நான் பெட்டிக்குள் பெட்டி வைத்துச் செய்த மெஷின். அதன் மேல் பழி. இவள் கொல்லைப்புறத்திலிருந்து குடம் குடமாகச் செம்பைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறாள். கடலூரில் அது வேறு யார் வீடாக இருந்திருந்தாலும் அன்றைக்குத் தெருவே கூடியிருக்கும். ஆனால் அவள் கையைப் பார்த்தேன். புளி தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. அந்த நேரத்தில் எனக்கு மைதீன் பாய் ஈரத்துணியை அவிழ்த்துவிட்டு, வால்வைத் துடைத்துச் செல்வராசுவிடம் கொடுத்தது கண்ணில் வந்தது.

"நல்ல அண்டாம்மா" என்றேன். "இதுக்குத்தான் செம்பு புடிக்கல."

"புடிக்கலியா?"

"நம்ம ஒடம்பு வேற. இது தண்ணிலயே கெடந்து தண்ணிலயே மூச்சு விடுது. அதுக்குச் செம்பு ஒத்துக்காது."

அவள் திரும்பி அண்டாவைப் பார்த்தாள். குடம் கையிலேயே இருந்தது. "நானாண்ணே?" என்றாள்.

"நீ இல்ல. அண்டா."

அவள் உட்கார்ந்து முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். "அவருக்கு நான் இன்னான்னு சொல்லுவேன். பொண்ணுக்கு இன்னான்னு சொல்லுவேன்."

"நீ ஒண்ணும் சொல்லவாணாம். மெஷின்ல சின்னக் கோளாறு, சரி பண்ணிட்டேன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று மெக்கானிக்குகளுக்கு மட்டும்தான் புரியும்.

அண்டா பரணுக்குப் போனது. டாக்டரம்மாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். செவுளால் மூச்சு விடுகிற பிராணிகளுக்குச் செம்பு கொஞ்சம் கலந்தாலும் விஷம் என்று உறுதி செய்தார். ஒரேயடியாக எல்லாத் தண்ணீரையும் மாற்றினால் அதுவும் ஒரு அதிர்ச்சி என்று, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பிளாஸ்டிக் பக்கெட்டில் வைத்திருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னார். ஃபில்டரில் புதுக் கரி போட்டோம். அஞ்சலாட்சி பழையபடி உள்ளங்கையில் விழவைத்துத்தான் ஊற்றினாள். மார்கழி பிறப்பதற்குள் இறகுகள் சிவந்து விரிந்தன. அவை முளைத்து வருவதைப் பார்க்க வேண்டுமே, துளிர் விடுகிற மாதிரி இருக்கும். இந்தப் பிராணிக்குக் கால் போனாலும் முளைக்குமாம். கொடுத்துவைத்தது.

கலியமூர்த்தி விஷயத்தைப் பண்ருட்டி மண்டி முழுக்கப் பரப்பிவிட்டான். எங்க மாமா மெஷின்ல கோளாறு, அவரே கண்டுபிடிச்சி சரி பண்ணிட்டாரு. அவன் பெருமையாகத்தான் சொன்னான். ஊரின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. நான் பல வருஷமாகப் பார்த்துவந்த ஒரு கடைக்காரர் தன் ஃப்ரீசரை வேறு ஆளிடம் கொடுத்தார். பழனிக்கு வயசாயிடுச்சி என்றாராம். அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை, அவள் தம்பி வீட்டு விஷயம்.

ஆக, போன் செய்த பண்ருட்டிப் பையனுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பதினேழு வை. செம்பு தண்ணீரில் படாமல் பார். உன் மெஷினில் மட்டும் இல்லை, பின்கட்டு வரைக்கும் போய்ப் பார். சங்கத்து மலருக்கு இதோடு நிறுத்திவிடலாம். ஆனால் பொங்கலன்று நடந்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அஞ்சலாட்சியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேரையும் போடுங்கண்ணே" என்றாள்.

நிவேதா வந்துவிட்டாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. குல்ஃபி அவள் விரலைத் தேடிக் கண்ணாடிக்கு வந்தது. கலியமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி நின்றான். மத்தியானம் எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாரும் இலையில் உட்கார்ந்தோம். அஞ்சலாட்சி பரிமாறினாள்.

"உங்க மாமா மெஷின் நம்ம குல்ஃபியப் பாதி வழிக்கு அனுப்பிடுச்சி. நல்ல வேள, திரும்பக் கூட்டியாந்துட்டாரு" என்று கலியமூர்த்தி சிரித்தான்.

நானும் சிரித்துவைத்தேன். நிவேதா விடவில்லை. "இன்னா கோளாறு மாமா? சொல்லுங்க. இத வளக்குறவங்க குரூப்ல இதே மாதிரி சில்லர் செய்யணும்னு நெறைய பேரு கேக்குறாங்க. அந்தக் கோளாறு வராம பாத்துக்கணுமில்ல."

இல்லாத கோளாறுக்கு என்ன பெயர் வைப்பது? ஏதோ ஒரு வாஷர் என்று ஆரம்பித்தேன்.

"மெஷின்ல ஒண்ணுமில்ல" என்று அஞ்சலாட்சியின் குரல் வந்தது. ரசக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "என் செம்பு அண்டாத் தண்ணி அதுக்குப் புடிக்கல. ஊத்துனது நான்."

கலியமூர்த்தி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பரணைப் பார்த்தான். மண்டியில் தான் சொல்லித் திரிந்ததெல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது. நிவேதா எச்சில் கையோடு எழுந்து போய் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"ஏன்டி, இவ்ளோ நாளா சொல்லாம இருந்துட்டு இன்னைக்கு ஏன் சொல்ற?" என்றான் கலியமூர்த்தி. அதட்டலாக வரவில்லை, அடங்கிய குரலில் கேட்டான்.

அஞ்சலாட்சி என் இலைக்கு முன்னால் குனிந்தாள். நான் கேட்காமலே ரசம் ஊற்றினாள்.

"அண்ணன் அன்னைக்கு ஒரு வார்த்த திட்டியிருந்தா, சாவுற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.